ஆறு நிமிஷமும் ரெண்டு மணி நேரமும்: வடசென்னை காமெடி குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் காமெடி வீடியோ எடுக்கும் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்குத் தயாரிப்பாளர்களிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. சிலர் அட்வான்ஸே வாங்கிவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் அங்கே உங்களிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அந்த வீடியோவ அப்படியே படமா பண்ணிடுங்க." அப்படியே பண்ணினால் என்ன ஆகும் என்பதை எடிட்டிங் மேசையில் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி என்று இந்தப் பக்கமே வேலை பார்க்கிறோம். படம் எங்கள் கைக்கு வரும்போது எல்லாம் எடுத்து முடிந்திருக்கும். அதற்கப்புறம் வெட்டலாம், மாற்றி ஒட்டலாம், பின்னணி இசை போட்டு மூடலாம். இல்லாத கதையைக் கொண்டுவந்து வைக்க எந்த மென்பொருளிலும் பட்டன் கிடையாது. அதனால்தான் நீங்கள் எழுத உட்காரும் முன்பே இந்த மடல்.

ஸ்கெட்ச், அதாவது நீங்கள் எடுக்கும் ஆறு நிமிஷ காமெடி வீடியோ, எப்படி வேலை செய்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தனுக்கு ஏதோ ஒரு விஷயத்தில் கோணல். அந்தக் கோணலை மூன்று தடவை, தடவைக்குத் தடவை பெரிசாக்கிக் காட்டுகிறீர்கள். நாலாவது தடவை கவிழ்க்கிறீர்கள். முடிந்தது. அதற்கப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு என்று எவரும் கேட்பதில்லை. கடன் வாங்கி ஏமாற்றியவன் அடுத்த வாரம் புதுச் சட்டையோடு வேறொரு வீடியோவில் நிற்பான். எதற்கும் விளைவு கிடையாது என்பதே ஸ்கெட்ச் தரும் சுகம். படம் இதற்கு நேர் எதிர். இருபதாவது நிமிஷத்தில் சொன்ன பொய்க்கு எழுபதாவது நிமிஷத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை.

பலர் இதைக் கணக்காகப் பார்க்கிறார்கள். ஆறு நிமிஷ வீடியோவில் இருபது விநாடிக்கு ஒரு சிரிப்பு என்றால் மொத்தம் 18. அதே வேகத்தில் 120 நிமிஷத்துக்கு 360 ஜோக் வேண்டும். நாலு பேர் ரூம் போட்டு உட்கார்ந்து 360 ஜோக்கையும் எழுதிவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் தியேட்டரில் 40ஆவது நிமிஷத்தில் சனம் போனை எடுக்கும். சிரிப்பு வராமல் அல்ல. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லாமல்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு ஸ்கெட்ச்சை வைத்தே பார்ப்போம், இந்த மடலுக்காகக் கட்டிய ஒன்று. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருக்கிறது. கூட்ஸ் வண்டி நகரவே இல்லை. பைக்கில் குமார். சீட்டு பிடிக்கிறவன். போன் அடிக்கிறது. ஃபைனான்ஸ்காரர். "அண்ணே, மூலக்கடை தாண்டிட்டேன்ணே." அடுத்த போன் மச்சான். "ஸ்டான்லில டோக்கன் போட்டு உக்காந்துனு கீறேன்டா." அடுத்தது இட்லிக்கடை அக்கா. "பேங்க்ல நிக்கிறேன்கா, சர்வர் டவுனாம்." கேமரா விலகுகிறது. மூன்று பேரும் அதே கேட்டில், அவனுக்கு நாலு வண்டி பின்னால் நிற்கிறார்கள். கூட்ஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. போனிலும் கேட்கிறது, வெளியிலும் கேட்கிறது. மூன்று தலையும் ஒரே நேரத்தில் திரும்புகிறது. கட்.

நல்ல ஸ்கெட்ச்தான். இதைப் படமாக்கச் சொன்னால் முதலில் வரும் யோசனைகள் நாலு. கேட்டில் இன்னும் ஏழு பேரை நிறுத்தி ஏழு பொய் சொல்ல வைப்பது. குமாருக்கு எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணோடு ஒரு லவ் டிராக். குமார் சின்ன வயசில் ஏன் பொய் சொல்ல ஆரம்பித்தான் என்று ஒரு பிளாஷ்பேக். நாலாவதுதான் நம்ம ஏரியாவின் சாபம்: செகண்ட் ஆஃபில் ஒரு ரவுடி, ஒரு கஞ்சா பொட்டலம், ஒரு கத்தி, கடைசியில் ஒரு கருத்து. வடசென்னையில் நடக்கும் கதை என்றாலே இன்டர்வலுக்கு அப்புறம் ரத்தம் வந்தாக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி நடந்துகொள்கிறோம். கதை தீர்ந்துபோனதை மறைக்கத்தான் அங்கே கத்தி வருகிறது. எடிட்டிங்கில் பார்த்தால் அது அப்பட்டமாகத் தெரியும். முதல் பாதியில் ஒரு காட்சியில்கூட அந்த ரவுடி பெயர் அடிபட்டிருக்காது.

சரி, என்னதான் செய்வது? குமார் பொய் சொல்வதில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் கதை இருப்பது அவன் எதற்காகப் பொய் சொல்கிறான், அந்தப் பொய்யால் யார் நஷ்டப்படுகிறார் என்பதில். ஏலச்சீட்டு எப்படி நடக்கும் என்று நம்ம பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். 20 பேர், மாதம் 5,000. சீட்டுத் தொகை ஒரு லட்சம். அவசரம் இருக்கிறவர்கள் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு முன்னாடியே எடுத்துவிடுவார்கள். கடைசி மாதம் வரை பொறுத்திருப்பவருக்கு ஏலம் கிடையாது, சீட்டுக்காரர் கமிஷன் போக முழுத்தொகை. அந்தக் கடைசி ஆள் இட்லிக்கடை அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மாதமாக ஏலம் கேட்காமல் காத்திருந்தது மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்காக. திங்கட்கிழமை கட்ட வேண்டும். பணம் குமாரிடம் இல்லை. ஏன் இல்லை? குடித்து அழித்தான் என்று எழுதாதீர்கள், அது சோம்பேறித்தனம். காசிமேட்டில் ஒரு விசைப்படகு ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது அப்போதுதான், படகுக்காரர்கள் கடனுக்கு அலைவதும் அப்போதுதான். தடை முடிந்து படகு கடலுக்குப் போயாகிவிட்டது. மீனோடு திரும்பி வந்து ஏலம் போனால் பணம் வந்துவிடும். அதுவரை நாலு நாள் சமாளிக்க வேண்டும்.

இப்போது என்ன கிடைத்தது என்று பாருங்கள். பொய்க்கு ஒரு முடிவுத் தேதி கிடைத்தது. பார்க்கிறவர் தானாகவே நாள் எண்ண ஆரம்பிப்பார். குமார் கெட்டவனும் இல்லை, அப்பாவியும் இல்லை. இதில் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை. சீட்டு, கேட், தடைக்காலம் எல்லாம் இந்தத் தெருக்களில் ஏற்கெனவே கிடப்பவை. ஜூன் மாதம் என்பதால் காலேஜ் அட்மிஷனும் சரியாக வந்து உட்காருகிறது.

அடுத்த கேள்வி, மூல ஸ்கெட்ச்சை எங்கே வைப்பது. இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். க்ளைமாக்ஸில் வைத்தால் டிக்கெட் வாங்கினவர்களில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரியும். இன்டர்வலில் வைத்தாலும் அதேதான். முதல் 12, 15 நிமிஷத்துக்குள் வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு முடிவை மாற்றுங்கள். வீடியோவில் மூன்று தலை திரும்பியது. படத்தில் ஹாரன் சத்தத்தை அக்கா மட்டும் கவனிக்கட்டும். காதிலிருந்து போனை எடுத்து ஒரு தடவை பார்க்கிறார். முன்னால் நிற்கும் குமாரின் முதுகைப் பார்க்கிறார். திரும்பவும் போனைக் காதில் வைத்து, "சரிப்பா, சர்வர் வந்ததும் சொல்லு" என்கிறார். கேட் திறக்கிறது. அவ்வளவுதான். தெரிந்த ஜோக்குக்குச் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்த ஆள் அங்கே நிமிர்ந்து உட்காருவார். இனிமேல் குமார் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் இரட்டை வேலை. அவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். இந்த ஒரு மாற்றம் 45 நிமிஷத்துக்குத் தாங்கும்.

இன்டர்வல் பிளாக்கில், அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும் என்று குமாருக்குத் தெரிய வரட்டும். இரண்டாம் பாதியில் ஜோக்கையே தலைகீழாகத் திருப்புங்கள். முதல் பாதியில் அவன் சொன்ன பொய்யை அக்காவைத் தவிர எல்லாரும் நம்பினார்கள். இரண்டாம் பாதியில் அவன் உண்மையைச் சொல்வான், ஒருத்தரும் நம்பக் கூடாது. நிஜமாகவே பேங்கில் நிற்பான், நிஜமாகவே சர்வர் டவுன் ஆகியிருக்கும். அதே வசனம், அதே முகம், இந்தத் தடவை வயிற்றைப் பிசையும், சிரிப்பும் வரும். இன்டர்வலில் கோணலைக் கவிழ்க்க முடியாத ஸ்கெட்ச்சை இரண்டாம் பாதிக்குள் கொண்டுபோகவே முடியாது. தயாரிப்பாளரிடம் ஒன்லைன் சொல்லப் போகும் முன்னே இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்.

எல்லா ஸ்கெட்ச்சும் இந்தச் சோதனையில் தேறாது. ஆள்மாறாட்டம், வார்த்தை விளையாட்டு, வேறொரு படத்தைக் கிண்டல் செய்வது, இவை மூன்றும் பெரும்பாலும் தேறுவதில்லை. அமெரிக்காவில் 1975 முதல் ஓடும் 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி காமெடி நிகழ்ச்சியின் ஸ்கெட்ச் பாத்திரங்களை வைத்து நிறையப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1980இல் வந்த 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' நின்றது. அதில் நாயகர்களான சகோதரர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேலை இருந்தது: வளர்ந்த அநாதை இல்லத்துக்கு 5,000 டாலர் வரி கட்ட வேண்டும், இல்லையென்றால் இல்லம் போய்விடும். 1994இல் வந்த 'இட்ஸ் பேட்' படுத்துவிட்டது. அந்தப் பாத்திரம் ஆணா பெண்ணா என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் அதன் ஜோக். அந்த ஒரு கேள்வி ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது, ஏனென்றால் பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை.

நம்ம பக்கம் குறும்படத்திலிருந்து வளர்ந்து நின்றவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2014இல் வந்த 'முண்டாசுப்பட்டி' குறும்படமாக இருந்ததுதான். போட்டோ எடுத்தால் சாவு என்று ஒரு ஊரே நம்புகிறது, அங்கே ஒரு போட்டோகிராபர் போகிறான். தனி ஆளின் கோணல் அல்ல, ஊரின் நம்பிக்கை. அதனால் அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முட்டும். 2022இல் வந்த 'லவ் டுடே'யும் அதே இயக்குநரின் குறும்படத்திலிருந்து வந்தது. காதலர்கள் இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது பெண்ணின் அப்பா போடும் நிபந்தனை. நிபந்தனை ஒரே காட்சியில் முடிந்துவிடுகிறது, மீதிப் படம் முழுக்க அதன் விளைவுதான் ஓடுகிறது.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம். 110 முதல் 120 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 50, 55 சீன் வரும். ஒவ்வொரு சீனையும் ஒரு அட்டையில் இரண்டு வரிக்கு மேல் போகாமல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வரியில் என்ன நடக்கிறது. இரண்டாம் வரியில் அதனால் யாருக்கு என்ன மாறுகிறது. ஸ்கெட்ச் எழுதிப் பழகினவர்களுக்கு இரண்டாம் வரி பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அது சீன் இல்லை, துணுக்கு. அப்புறம் பக்கத்துப் பக்கத்து அட்டைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் "அப்புறம்" என்று வருகிறதா, "அதனால" என்று வருகிறதா? தொடர்ந்து நாலு இடத்தில் "அப்புறம்" வந்தால் அங்கே படம் நின்றுவிட்டது. நடுவிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்துப் பாருங்கள். பின்னால் எதுவும் சரியவில்லை என்றால் அந்த அட்டை வேண்டாம். அதில் இருக்கும் ஜோக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. குழுவுக்குள் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான், எழுதினவருக்கு அந்த ஜோக் பிள்ளை மாதிரி.

பன்ச் வசனம் தனிப் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு தடவை போனில் கேட்கும்போது அது சொந்தக்காரர் பேச்சு மாதிரி இருக்கும். அதையே ஒரே உட்காரலில் பத்துத் தடவை கேட்டால் காது வலிக்கும். படம் முழுக்க நாலு, அதிகம் போனால் ஐந்து தடவை. இரண்டுக்கு நடுவில் கால் மணி நேரமாவது இடைவெளி. ஒரு தடவையாவது அதை வேறு யாராவது சொல்ல வேண்டும், ஒரு தடவையாவது அது பலிக்காமல் போக வேண்டும்.

நடிப்பின் சத்தத்தையும் குறைக்க வேண்டும். ஸ்க்ரோல் செய்யும் விரலை நிறுத்த முதல் மூன்று விநாடிக்குள் கத்தியாக வேண்டும் என்று உங்கள் நடிகர்கள் பழகியிருக்கிறார்கள். தியேட்டரில் ஆள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார், ஓட மாட்டார். முதல் சீனிலேயே உச்சத்தில் ஆரம்பித்தால் க்ளைமாக்ஸில் ஏறுவதற்குப் படி இருக்காது. இன்னொன்று, ஸ்கெட்ச்சில் இரண்டு பேரும் கிறுக்காக இருக்கலாம். படத்தில் ஒருத்தராவது நிதானமான ஆள் வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவன் எவ்வளவு கோணல் என்று அளக்கிறோம். மேலே சொன்ன கதையில் அது அக்கா. அந்த வேஷத்துக்கு உங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த சிரிப்பு நடிகையைப் போடாதீர்கள்.

பேச்சைப் பற்றி ஒரு வேண்டுகோள். வீடியோவில் எல்லாரும் ஒரே 'சென்னை பாஷை' பேசினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு அது போதாது. காசிமேட்டுப் படகுக்காரர் பேச்சும், தெலுங்கு கலந்த வண்ணாரப்பேட்டை வியாபாரி பேச்சும், வியாசர்பாடி பையன் பேச்சும் ஒன்றல்ல என்று உங்களுக்கே தெரியும். "கஸ்மாலம்", "பேமானி" எல்லாம் இப்போது சினிமாவில்தான் பேசுகிறார்கள். தெற்கே இருந்து வரும் வசனகர்த்தா அவற்றை எழுதிக் கொடுத்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கெட்ட வார்த்தைக்குப் பீப் போடுவதே ஜோக்காக இருக்கும் வீடியோக்கள் உண்டு. தணிக்கையில் அந்த வார்த்தையை ஊமையாக்கச் சொன்னால் வசனத்தோடு சேர்ந்து சிரிப்பும் போய்விடும். பன்ச் அந்த வார்த்தையில் விழாதபடி எழுதிப் பழகுங்கள். 2024 விதிகளுக்கு அப்புறம் யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எந்த வயதுக்கான படம் என்று எழுதும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு காட்சியில் ஒருத்தர் பீடி பிடித்தாலும் படம் ஆரம்பிக்கும்போதும் இடைவேளைக்கு அப்புறமும் புகையிலை எதிர்ப்புப் படம் 30 விநாடி போட வேண்டும், அந்தக் காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வரி ஓட வேண்டும். இன்டர்வலில் மனசைப் பிசைந்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் அதைப் போட்டால் விட்ட இடம் அறுந்துபோகும். பீடி இல்லாமல் அந்த ஆளைக் காட்ட முடியாதா என்று ஒரு தடவை யோசியுங்கள். தெரு நாய், சேவல், ஆடு எதை நடிக்க வைத்தாலும் விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எடுத்துவிட்டு ஓடினால் கடைசியில் அந்த ஷாட்டையே தூக்க வேண்டி வரும்.

படப்பிடிப்பில் வடசென்னைக்கே உரிய இரண்டு தலைவலி: சத்தம், கூட்டம். கன்டெய்னர் லாரி, கூட்ஸ் ரயில், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின், இவற்றுக்கு நடுவில் லேப்பல் மைக்கில் எடுத்த வசனம் போனில் தப்பித்துவிடும், தியேட்டர் ஸ்பீக்கரில் தப்பிக்காது. டப்பிங்தான் வழி என்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஸ்பாட் ஒலியைக் குப்பை என்று ஒதுக்காமல் ஒவ்வொரு டேக்குக்கும் பத்திரப்படுத்துங்கள், காமெடியின் தாளம் அதில்தான் பதிவாகியிருக்கும். டப்பிங் தியேட்டருக்கு நடிகர்களை ஒவ்வொருவராக அனுப்பாமல், கவுன்ட்டர் கொடுக்கும் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்துங்கள். தனித்தனியாகப் பேசினால் வசனத்துக்கு நடுவில் கால் விநாடி கூடும் அல்லது குறையும், அதிலேயே சிரிப்பு செத்துப்போகும்.

கூட்டம் கேமராவைப் பார்ப்பது போன் திரையில் தெரியாது. பெரிய திரையில் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கும் பொடியன் லென்ஸைப் பார்த்துச் சிரிப்பதுதான் முதலில் கண்ணில் படும். கேமராவை எதிர்க் கட்டட முதல் மாடியில் வைத்து நீள லென்ஸில் எடுங்கள், நடிகர்களைக் கூட்டத்துக்குள் விடுங்கள். ரயில்வே கேட்டை நிஜ கேட்டில் எடுக்க ஆசைப்படாதீர்கள். ரயில்வே அனுமதி, கட்டணம் எல்லாம் கட்டினாலும் கூட்ஸ் வண்டி உங்கள் டேக்குக்குக் காத்திருக்காது. முட்டுச் சந்தில் ஒரு கேட் கட்டை நட்டு, வண்டி போவதை முகத்தில் விழும் வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் காட்டிவிடலாம். நிஜ கேட்டில் இரண்டு வைட் ஷாட் மட்டும் தனியாக எடுத்துச் சேர்த்தால் போதும்.

இனி எங்கள் மேசை. யூடியூபில் வசனத்துக்கு நடுவில் மூச்சுக்கூட விடாமல் ஜம்ப் கட் அடிக்கிறீர்கள். அங்கே அது சரி. தியேட்டரில் 300 பேர் சேர்ந்து சிரிக்கும்போது அடுத்த வசனம் கேட்காது. பெரிய சிரிப்புக்கு அப்புறம் ஒன்றரை, இரண்டு விநாடி வாய் பேசாத முகம் வேண்டும். அந்த முகத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்தால்தான் நாங்கள் வைக்க முடியும். அதனால் ஒவ்வொரு சீன் முடிந்ததும், அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் பத்து விநாடி பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கச் சொல்லி எடுங்கள். லைட்டை மாற்ற வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. இதைச் செய்யாத படங்களில் சிரிப்புக்கு அடியில் புதைந்துபோன கதை வசனங்களைத் தேடி எடுக்கவே நாட்கள் போகின்றன. கதைக்கு முக்கியமான தகவலைப் பன்ச்சுக்கு அடுத்த வரியில் வைக்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

குளோசப்பையும் குறையுங்கள். கையகலத் திரையில் முகம் முழுக்க நிரம்பினால்தான் தெரியும். தியேட்டரில் அதே ஷாட்டில் மூக்கு ஆறடி உயரம் நிற்கும். காமெடிக்கு உடம்பு தெரிய வேண்டும், முழங்காலுக்கு மேல் வரும் ஷாட்டில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. பழைய வீடியோவின் துண்டையே படத்துக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: 25, 30 ஃபிரேமில் எடுத்தது தியேட்டரில் ஓட்டும் 24 ஃபிரேம் டிஜிட்டல் பிரதிக்குள் (டிசிபி) போகும்போது அசைவு துடிக்கும், நிற்க வைத்து எடுத்த 9:16 படம் ஸ்கோப் திரையின் நடுவில் ஒரு பட்டையாக நிற்கும். அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். ஒலியும் அப்படியே. யூடியூபுக்காகச் சத்தத்தை ஒரே மட்டத்தில் ஏற்றி வைத்த மிக்ஸைத் தியேட்டரில் போட்டால் சனம் காதைப் பொத்திக்கொள்ளும்.

ரஃப் கட்டை, அதாவது முதலில் தொகுத்த வடிவத்தை, உங்கள் சேனல் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். அவர்கள் உங்கள் முகம் தெரிந்ததுமே சிரிப்பார்கள். உங்கள் பெயரையே கேள்விப்படாத இருபது பேரை உட்கார வையுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பாதி இருந்தால் நல்லது. திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த நிமிஷத்தில் சிரித்தார்கள் என்பதைவிட எந்த நிமிஷத்தில் நாற்காலியில் நகர்ந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் நல்லா இருந்துச்சு என்றுதான் சொல்வார்கள். "அந்த அக்காவுக்குப் பணம் எப்படிக் கிடைச்சுது" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிக்க வேண்டியது. அந்த ஸ்கெட்ச் யாருடையது? உங்கள் குழுவில் ஐடியா ஒருத்தர் சொன்னது, வசனம் நடிக்கும்போது வாய்க்கு வந்தது, சேனல் வேறொருவர் மெயிலில் இருக்கிறது. வீடியோவுக்கு இது பிரச்சினை இல்லை. படம் என்று வந்ததும் நட்பு உடைவது இதில்தான். தயாரிப்பாளரைப் பார்ப்பதற்கு முன் உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: கதை யார், வசனம் யார், பாத்திரத்தின் பெயரும் தோற்றமும் யாருக்குச் சொந்தம், அடுத்த பாகம் எடுத்தால் யாரைக் கேட்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் நீட்டிய ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்று இருந்தால் அந்த வரியில் நிறுத்தி, அதற்குத் தனியாக என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். கதைச் சுருக்கத்தைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. உங்கள் வீடியோவில் சிரிப்புக்கு நடுவே ஓடும் பழைய சினிமா வசனத் துண்டுகள், பாட்டு பிட்டுகள் எல்லாவற்றையும் கணக்கெடுங்கள். தியேட்டர் படத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிமை வாங்கியாக வேண்டும். அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தபின்னும் ஸ்கெட்ச்சில் சிரிப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அட்வான்ஸைச் செலவு செய்யாமல் வைத்திருங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி வேலை பார்க்கும் சிலர்,
வண்ணாரப்பேட்டை